முடிவு தெரிந்த சண்டையில் எதைப் பார்க்கிறீர்கள்?

ஸ்பெயினின் மாட்ரிட்டில் நடந்த காளைச் சண்டைக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே "இதில் ரசிக்க என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்டேன். "அக்கா, அது கலை, உங்களுக்குப் புரியாது", "உங்களுக்கு ரொம்ப இளகிய மனசு" என்று வந்த பதில்கள் நோகடித்துவிட்டன. புரியாமல் கேட்கவில்லை தம்பி. நேரில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

வேலைக்காக மாட்ரிட்டில் இருந்தபோது, மே மாத சான் இசித்ரோ விழாவில் லாஸ் வெந்தாஸ் அரங்குக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். வழக்கமாக ஒரு மாலைக்கு மூன்று மத்தாதோர் (காளையை வாளால் கொல்லும் வீரர்), ஆறு காளை. முதலில் குதிரைமேல் வருகிறவர் காளையின் பிடரித் தசையில் ஈட்டியை இறக்குகிறார். அப்புறம் முள் வைத்த குச்சிகளைச் செருகுகிறார்கள். ரத்தம் வழிந்து, தலை தாழ்ந்து நிற்கும் மாட்டிடம்தான் மத்தாதோர் சிவப்புத் துணியோடும் வாளோடும் கடைசிக் கட்டத்துக்கு வருகிறார். நான் பார்த்த அன்று வாள் சரியாக இறங்கவில்லை. மறுபடி குத்தினார், மறுபடியும். கூட்டம் சீட்டியடித்தது. மாட்டுக்காக அல்ல, குத்து சரியில்லை என்று! பக்கத்தில் இருந்த பெரியவர் கல் இருக்கையில் உட்கார எனக்கு மெத்தை வாங்கிக் கொடுத்த நல்ல மனிதர். அவரும் சீட்டியடித்தார்.

இதைப் போட்டி என்கிறீர்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்தது எப்படிப் போட்டியாகும்? அபூர்வமாக ஒரு காளைக்கு உயிர்ப்பிச்சை உண்டு. மற்றபடி காளை மனிதனை முட்டித் தள்ளினாலும் உயிரோடு வெளியே போகாது.

"மனிதனும் உயிரைப் பணயம் வைக்கிறானே?" ஆமாம். 2016-இல் ஸ்பெயினின் தெருவெல் நகரில் விக்டர் பார்ரியோ என்ற 29 வயது மத்தாதோர், தொலைக்காட்சி நேரலையிலேயே முட்டுப்பட்டு இறந்தார். அதைக் கொண்டாடியவர்களை என்னால் மன்னிக்க முடியாது. ஆனால் அவர் விரும்பி இறங்கினார். காளையை யார் கேட்டார்கள்?

"ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுக்குப் போனவள்தானே நீ?" போனேன், இப்போதும் போவேன். அங்கேயும் உயிர்ச்சேதம் உண்டு, மாட்டை வதைக்கிறவர்களும் உண்டு, கண்டிக்கிறேன். ஆனால் வாடிவாசலில் யாரும் வாளோடு நிற்பதில்லை. எங்கள் பெரியப்பாவின் காளை வயதாகிச் செத்தபோது மாலை போட்டுப் புதைத்தோம். பெரியம்மா அன்று சாப்பிடவே இல்லை. இரண்டும் ஒன்று என்கிறவர்களிடம் எனக்குப் பேச்சே வரவில்லை.

"மாட்டுக்கறி தின்கிறாயே?" தின்கிறேன். கசாப்புக் கூடத்துக்கு யாரும் டிக்கெட் விற்பதில்லை.

"அவர்கள் பண்பாட்டைக் கேட்க நீ யார்?" அவர்களே கேட்கிறார்களே! ஸ்பெயினின் கேனரி தீவுகள் 1991-இலேயே நிறுத்திவிட்டன. பார்சிலோனா இருக்கிற கட்டலோனியா பகுதியின் நாடாளுமன்றம் 2010-இல் தடைக்கு வாக்களித்தது. அரசியல் சாசன நீதிமன்றம் 2016-இல் அதை ரத்து செய்த பிறகும் பார்சிலோனாவில் காளைச் சண்டை திரும்பவில்லை. தேசியக் காளைச் சண்டை விருதை 2024-இல் ஸ்பெயின் கலாச்சார அமைச்சகமே கைவிட்டது.

ஈட்டிக்காரர் ஏறி வரும் அந்தக் குதிரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணைக் கட்டித்தான் கொண்டுவருகிறார்கள். 1928-இல் மெத்தைக் கவசம் கட்டாயமாவதற்கு முன்பு, குடல் சரிந்து குதிரைகள் சாவதையும் மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். கவசம் வந்ததால் கலை செத்துவிட்டதா? இல்லையே. அப்படியானால் ஈட்டி இல்லாமலும் இருக்கும், வாள் இல்லாமலும் இருக்கும்.

வாள் குத்தியும் சாகாமல் முழங்கால் மடங்கிக் கிடக்கிற மாட்டின் பின்கழுத்தில் கடைசியாகக் குத்துவாளைச் செருகுகிறார்களே, கலை என்று சொன்ன தம்பி, அந்த இடத்தில் நீங்கள் எதை ரசித்தீர்கள்? கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.