கிம் டேவிஸ் மறுத்த திருமண உரிமம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ரோவன் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தேர்ந்தெடுக்கப்பட்ட எழுத்தராக இருந்தவர் கிம் டேவிஸ். திருமண உரிமம் மறுத்ததற்காக இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பை எதிர்த்து அவர் செய்த மேல்முறையீட்டு மனுவை, 2025 நவம்பர் 10 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் காரணம் எதுவும் குறிப்பிடாமல் தள்ளுபடி செய்தது. அவரை மத நம்பிக்கைக்காகச் சிறை சென்றவர் என்று எழுதுவோர் இன்றும் இருப்பதால், நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தன்பாலின இணையருக்குத் திருமண உரிமை உண்டு என்று ஒபர்கஃபெல் வழக்கில் 2015 ஜூன் 26 அன்று 5-க்கு 4 என்ற நீதிபதிகள் கணக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. கென்டக்கியில் திருமணம் செய்ய முதலில் கவுண்டி எழுத்தரிடம் உரிமம் பெற வேண்டும். தீர்ப்பு வந்ததும், இனி யாருக்குமே உரிமம் தருவதில்லை என்று டேவிஸ் முடிவெடுத்தார். எல்லோருக்கும் மறுத்தால் பாகுபாடு இல்லையே என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் பாதிக்கப்பட்டோர் தொகைதான் கூடியது. அவர்மீது வழக்குத் தொடுத்த நான்கு இணையரில் இரண்டு இணையர் ஆணும் பெண்ணுமாக இருந்தவர்கள்.

உரிமம் வழங்க வேண்டும் என்று அந்த வழக்கை விசாரித்த கூட்டாட்சி நீதிபதி டேவிட் பன்னிங் ஆகஸ்டில் ஆணையிட்டார். அதை நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அதன் பிறகும் டேவிஸ் இணங்காததால்தான் செப்டம்பர் 3 அன்று நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்கு அனுப்பப்பட்டார். மனுதாரர்கள் கேட்டது அபராதம் மட்டுமே. ஆதரவாளர்கள் பணம் திரட்டிக் கட்டிவிட்டால் அபராதத்தால் பயன் இராது என்று நீதிபதி கருதினார். மறுநாளே துணை எழுத்தர்கள் உரிமங்களை வழங்கத் தொடங்கினார்கள். செப்டம்பர் 8 அன்று டேவிஸ் விடுவிக்கப்பட்டார். எந்த நம்பிக்கையையும் கைவிடுமாறு நீதிமன்றம் அவரிடம் கேட்கவில்லை. அரசின் பெயரால் செய்ய வேண்டிய பணியைத் தடுக்காதே என்றுதான் சொன்னது.

சிறைவாசத்தைவிட, அதன் பிறகு நீண்ட பண வழக்குகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. முதல் வழக்கில் மனுதாரர்களின் வழக்கறிஞர் கட்டணமான 2,20,000 டாலருக்கும் அதிகமான தொகையை மாநில அரசே செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. ஓர் அதிகாரி செய்த தவறுக்கு வரி கட்டுவோர் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று, அவருக்கு வெளிப்படையாக ஆதரவளித்த ஆளுநர் மேட் பெவினின் அரசே நீதிமன்றத்தில் வாதிட்டுப் பார்த்தது; மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஆனால் உரிமம் மறுக்கப்பட்ட, ஆண்கள் இருவரான ஓர் இணையர் தொடுத்த மற்றொரு வழக்கில் பொறுப்பு டேவிஸின் தலையிலேயே விழுந்தது. பணியின்போது செய்த செயல்களுக்காக அதிகாரிகளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, தெளிவாக நிலைபெற்றுவிட்ட உரிமையை மீறுபவருக்குக் கிடைக்காது. அந்த இருவருக்கும் தலா 50,000 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று ஜூரி 2023 செப்டம்பரில் முடிவு செய்தது. வழக்குச் செலவாக ஏறத்தாழ 2,60,000 டாலர் அதனுடன் சேர்ந்தது. மதச் சுதந்திரம் தன்னைக் காக்கும் என்று டேவிஸ் வாதிட்டார். உரிமம் தருவதும் மறுப்பதும் அரசின் செயல்கள், அரசின் செயலுக்குத் தனிநபரின் மதச் சுதந்திரத்தைக் கேடயமாக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் கூறியது. இந்த வழக்கு முழுவதிலும் எனக்கு மிகச் சரியாகப் படும் வாதம் இதுதான். அலுவலகத்துக்கு வந்து நின்றவர்களுக்கு எதிரே இருந்தவர் கிம் டேவிஸ் என்ற விசுவாசி மட்டுமல்லர், கென்டக்கி மாநிலமும்தான்.

அவருடைய மனச்சான்றை நான் ஐயப்படவில்லை. உரிமத்தில் தன் பெயர் இடம்பெறக்கூடாது என்று அவர் கேட்டதற்கும் வழி இருந்தது. 2015 டிசம்பரில் ஆளுநரின் ஆணையும் 2016-இல் மாநிலச் சட்டமும் எழுத்தரின் பெயரைப் படிவத்திலிருந்து நீக்கின. அந்த மாற்றத்திற்காக அவர் சட்டமன்றத்திடம் போராடியிருந்தால் நானும் அதை மதித்திருப்பேன். அதுவரை பொறுக்க இயலாதென்றால் பதவியைத் துறந்திருக்கலாம். அவரோ பதவியிலும் இருந்துகொண்டு, உரிமம் கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார். 2018 தேர்தலில் ரோவன் கவுண்டி வாக்காளர்கள் அந்தப் பதவியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.