பழைய சேர்லிஃப்ட்: எதைக் கழற்றுவது, எதை வைத்துக்கொள்வது

ஏதாவது ஒரு ஸ்கீ ரிசார்ட்டில் சேர்லிஃப்ட், அதாவது ஓடும் வடத்தில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மலைமேல் ஏற்றும் எந்திரம், அரை மணி நேரம் நின்றால் போதும், "நாப்பது வருசப் பழசு, தூக்கிப் போட்டுட்டு ஹைஸ்பீடு போடுங்கப்பா" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். சின்ன, நடுத்தர மலைகளுக்கு இது பெரும்பாலும் தப்பான யோசனை. என் கட்சி: கோபுரத்தை வைத்துக்கொள், அதன்மேல் ஓடுவதை மாற்று.

லிஃப்டுக்கு ஒரே வயது கிடையாது. நாப்பது வருசத்துக்கு முன் நட்ட கோபுரத்தில் பத்து வருச வடம் ஓடும், கப்பி ரப்பர் போன கோடையில் போட்டதாக இருக்கும். கன்ட்ரோல் பெட்டியில் மட்டும், இன்று யாருமே செய்யாத ரிலே (மின்சுவிட்ச்) உட்கார்ந்திருக்கும். ஆக, பாகம் பாகமாகத்தான் வயது பார்க்க வேண்டும்.

முதலில் வடம். ஆறு புரி எஃகு, நடுவில் பிளாஸ்டிக் கரு. இரண்டு முனையையும் புரிக்குப் புரி பின்னித்தான் வளையமாக்குவார்கள், கிளாம்ப் எதுவும் கிடையாது. பின்னலின் நீளம் வடத்தின் விட்டத்தைப் போல 1,200 மடங்காவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. 40 மி.மீ. வடம் என்றால் 48 மீட்டர். புது வடம் ஆரம்பத்தில் நீளும். இழுவை கொடுக்கும் எதிர்எடையோ ஹைட்ராலிக் சிலிண்டரோ அதன் எல்லையைத் தொட்டதும், கொஞ்சம் வெட்டி மறுபடி பின்ன வேண்டும். உள்ளே அறுந்த கம்பி கண்ணுக்குத் தெரியாது, காந்தச் சோதனைக் கருவிக்குள் வடத்தை ஓட்டித்தான் கண்டுபிடிக்க முடியும்.

அடுத்தது கிரிப், அதாவது நாற்காலியை வடத்தோடு பூட்டும் பிடி. கழலாத, நிலையான கிரிப் வடத்தின் ஒரே இடத்தைக் கவ்வியபடி கப்பிகள் மேல் ஏறி இறங்குவதால் அந்த இடம் வளைந்து வளைந்து களைத்துப்போகும். அதற்காகவே, இத்தனை மணி நேரம் ஓடியதும் எல்லா நாற்காலியையும் கொஞ்சம் தள்ளிப் பூட்ட வேண்டும். 200 நாற்காலி என்றால் 200 தடவை தளர்த்தி, நகர்த்தி, டார்க் ரெஞ்சால் சரியான அளவுக்கு இறுக்க வேண்டும். ஆட்களைக் குறைக்கும் மேனேஜ்மென்ட் முதலில் தள்ளிப்போடுவது இந்த வேலையைத்தான். இதோடு ஒவ்வொரு ஆண்டும் ஒரு பங்கு கிரிப்பைக் கழற்றி, பெயின்டைச் சுரண்டி, காந்தத்துகள் சோதனையில் விரிசல் பார்க்க வேண்டும்.

கப்பி ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு இறங்கக் கூடாது. கப்பி வரிசை கோணியிருக்கிறது என்று அர்த்தம். கப்பிச் சட்டத்தைத் தாங்கும் அச்சாணியும் அதன் புஷ்ஷும் தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கலாம், கோபுரத் தலை திரும்பியிருக்கலாம், அஸ்திவாரமே சாய்ந்திருக்கலாம். கப்பி ஓரத்தில் ஒரு சின்னக் கம்பி இருக்கும். வடம் நழுவி அதன்மேல் விழுந்தால் அது ஒடிந்து, மின்சுற்று அறுந்து லிஃப்ட் நிற்கும். வடம் நழுவிய பிறகு காப்பாற்றத்தான் இந்தக் கம்பி. நழுவாமல் பார்த்துக்கொள்வது வரிசையின் வேலை.

2010 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் மைனே மாநிலத்திலுள்ள சுகர்லோஃப் ஸ்கீ மலையில், ஸ்பில்வே ஈஸ்ட் லிஃப்டின் வடம் ஒரு கோபுரத்தில் கப்பியை விட்டு நழுவி, நாற்காலிகள் ஆட்களோடு பனியில் விழுந்தன. எட்டுப் பேருக்குக் காயம். 1975இல் போட்ட லிஃப்ட். "பழசு, அதான்" என்று முடித்துவிடலாம். ஆனால் அன்று காற்று பலம். வடம் தடத்தில் சரியாக ஓடவில்லை என்று தெரிந்து மெக்கானிக்குகள் அதே கோபுரத்தில் வேலை பார்த்திருந்தார்கள். நாற்காலிகளில் ஆட்கள் இருக்கும்போதே லிஃப்ட் ஓட்டப்பட்டது. இதில் வயதைவிட முடிவெடுத்த விதம்தான் எனக்கு உறுத்துகிறது.

எதிர்ப்பக்கம் கனடாவின் விஸ்லர் மலையில் இருந்த குவிக்சில்வர் லிஃப்ட். 1991இல் போட்ட அதிவேக லிஃப்ட், வயது வெறும் நாலு. 1995 டிசம்பர் 23 அன்று கிரிப் பிடி வழுக்கி நாற்காலிகள் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. இரண்டு பேர் இறந்தார்கள். அதைச் செய்த கம்பெனியின் அதே வகை கிரிப் இருந்த லிஃப்டுகளை வட அமெரிக்கா முழுக்க மாற்றவோ திருத்தவோ வேண்டி வந்தது.

இப்போது ஹைஸ்பீடு கணக்கு. நாலு பேர் நாற்காலி, ஆறு வினாடிக்கு ஒன்று: மணிக்கு 600 நாற்காலி, 2,400 பேர். நிலையான கிரிப்பில் நொடிக்கு 2.3 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் இதே 2,400தான், நிலையத்தில் வடத்தை விட்டுக் கழன்று மறுபடி மாட்டும் ஹைஸ்பீடு கிரிப்பில் 5 மீட்டரில் ஓடினாலும் இதே 2,400தான். 1,500 மீட்டர் லிஃப்டில் பயணம் பதினோரு நிமிடத்திலிருந்து ஐந்தாகக் குறையும், ஆனால் மணிக்கு ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கை, அதாவது கொள்ளளவு, அதிகரிக்காது. நாற்காலி எண்ணிக்கை கிட்டத்தட்ட 217இலிருந்து 100 ஆகக் குறையும் என்பது லாபம்தான். பதிலுக்கு ஒவ்வொரு கிரிப்பிலும் ஸ்பிரிங், நெம்புகோல், உருளை. இரண்டு நிலையங்களிலும் நாற்காலியை வேகம் குறைத்துக் கூட்டும் டயர் வரிசை, பெல்ட், இடைவெளி பார்க்கும் சென்சார், கிரிப்பின் பிடிவிசையை அளக்கும் கருவி. இதையெல்லாம் பார்க்க வருசம் முழுக்க ஆள் வேண்டும். மூன்று மெக்கானிக் வைத்திருக்கும் மலைக்கு எதற்கு இந்த ஆசை?

கொள்ளளவு கூடினாலும் தலைவலிதான், மேலே போனவர்கள் எல்லாம் சரிவில்தானே இறங்க வேண்டும். 2022இல் அமெரிக்காவின் பார்க் சிட்டி ஸ்கீ ரிசார்ட்டில் இரண்டு பெரிய லிஃப்டுகளுக்குக் கொடுத்த அனுமதியைத் திட்டக் குழு ரத்து செய்தது, பார்க்கிங்கும் நெரிசலும்தான் விவகாரம். வந்து இறங்கிய சாமான்கள் கடைசியில் விஸ்லருக்குப் போய்ச் சேர்ந்தன.

நான் கைகாட்டுவது வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென்னை. 1948இல் ஓடத் தொடங்கிய, ஒருவர் மட்டும் உட்காரும் லிஃப்ட். ஸ்கீ போடுகிறவர்களே பங்குதாரர்களாக இருக்கும் கூட்டுறவு மலை அது. லிஃப்டைப் புதுப்பிக்கும்போது இரட்டை நாற்காலி வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள், சரிவில் கூட்டம் கூடக்கூடாது என்பதற்காக. 2007இல் கோபுரங்களை ஹெலிகாப்டரில் தூக்கி வந்து, மணல் வீசிச் சுரண்டி, சோதித்து, பெயின்ட் அடித்துப் புது அஸ்திவாரத்தில் திரும்ப நட்டார்கள். வடம், கப்பி, நாற்காலி, மோட்டார் எல்லாம் புதுசு.

பணம் குறைவு என்றால் என் வரிசை இது. முதலில் பிரேக்: மோட்டார் பக்கத்து சர்வீஸ் பிரேக், பெரிய சக்கரத்தின் விளிம்பைக் கவ்வும் அவசர பிரேக், பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் கொக்கி. மூன்றையும் தனித்தனியாக, நாற்காலிகளில் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிப் பாரத்தோடு சோதிக்க வேண்டும். வெறும் நாற்காலியில் நன்றாக நிற்கும் பிரேக் பாரத்தில் கைவிடலாம். அடுத்தது கன்ட்ரோலும் கோபுரத்துக்குக் கோபுரம் போகும் பாதுகாப்புக் கேபிளும், காரணம் தெரியாத நிறுத்தங்களில் பாதி இங்கேதான் கிடக்கும். பிறகு கியர்பாக்ஸ்: எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால், இரும்புத் துகள் ஏறுவதை வைத்து பல் தேய்வதை முன்கூட்டியே பிடிக்கலாம். இந்த வேலைக்கெல்லாம் கோடையில் லிஃப்டை நிறுத்தித்தான் ஆக வேண்டும். பழனி ரோப் காரை ஆண்டுக்கு ஒருமுறை வாரக்கணக்கில் நிறுத்தும்போது நாம் முணுமுணுக்கிறோமே, அதுவும் இதே பராமரிப்புக்குத்தான்.

அஸ்திவார போல்ட் அரித்து, கோபுரக் குழாய்க்குள் தண்ணீர் தேங்கி உறைந்து வெல்டு பிளந்திருந்தால் நான் சொன்னது செல்லாது, மொத்தமாக மாற்றுங்கள். அப்போதும் மலிவாகக் கிடைக்கிறதே என்று செகண்ட்ஹேண்ட் லிஃப்டைத் தூக்கிவராதீர்கள். கோபுர உயரங்கள் பழைய மலையின் சரிவுக்கு அளவெடுத்தவை. அஸ்திவாரம், வடம், கன்ட்ரோல் எப்படியும் புதுசாக வாங்க வேண்டும். மிச்சமாவது இரும்பும் நாற்காலியும் மட்டுமே.