உறையோடு இருக்கட்டும்

வீட்டில் பழைய கடிதங்களை வைத்திருப்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். உறையிலிருந்து தபால் முத்திரையைக் கழற்றாதீர்கள்.

நான் கழற்றியவன். பத்து வயதில் ஒரு மத்தியானம், அம்மம்மாவின் றங்குப் பெட்டியில் கட்டுக்கட்டாகக் கிடந்த மலாயாக் கடிதங்களை எடுத்து, உறைகளின் மூலைகளை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, பசை விட்டதும் முத்திரைகளைப் பத்திரிகைத் தாளில் காயவைத்து, அப்பியாசக் கொப்பியில் ஒட்டினேன். மிஞ்சிய உறைகள் அடுப்புக்குப் போயின. எவரும் ஏசவில்லை. முத்திரை சேர்ப்பது என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது.

அந்தக் கொப்பியில் உள்ள ஒரு முத்திரையை இப்போதும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். நீல நிறம், 15 சதம், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, அதன்மேல் 'பி.எம்.ஏ. மலாயா' என்ற மேலச்சு. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அவர்கள் போன பிறகு, 1945 ஒக்ரோபரில் பிரித்தானிய இராணுவ நிர்வாகம் (பி.எம்.ஏ.) வெளியிட்ட முத்திரை வரிசையைச் சேர்ந்தது இது. அம்மப்பா அங்கே ரயில்வேயில் வேலை பார்த்தார். இடைப்பட்ட மூன்றரை வருடம் அவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்று அம்மம்மா சொல்வார். அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சேதியைக் கொண்டுவந்த கடிதத்தில் இந்த முத்திரைதான் இருந்ததா? முத்திரையின்மேல் தபாற் கந்தோரில் குத்திய திகதிச் சீலின் கால்வட்டம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆண்டில் 4 என்ற இலக்கம் தெரிகிறது, அடுத்த இலக்கம் வெட்டிய தாளோடு போய்விட்டது. 1945 ஆகவும் இருக்கலாம், 1946 ஆகவும் இருக்கலாம். உறை இருந்திருந்தால் அனுப்பிய ஊர், திகதி, தணிக்கை அடையாளம், இங்கே வந்து சேர்ந்த நாள் அனைத்தையும் அதிலேயே படித்திருக்கலாம்.

முத்திரையின் வரலாற்றில் சீல் தொடக்கத்திலிருந்தே பாதிப் பங்கு வகித்திருக்கிறது. 1840இல் பிரித்தானியா வெளியிட்ட உலகின் முதல் ஒட்டு முத்திரையான கறுப்புப் பென்னியின் மேல் சிவப்பு மையால் குத்தினார்கள். அதை அழித்துவிட்டு முத்திரையை மறுபடியும் பாவிக்க முடிந்தது. ஆகவே அடுத்த ஆண்டே முத்திரை சிவப்பாகவும் சீல் கறுப்பாகவும் மாறின. கறுப்புப் பென்னி 1840 மே 6 முதல்தான் செல்லுபடியாகும் என்றிருக்க, மே 2ஆம் திகதியிட்ட உறைகள் சில எஞ்சியிருக்கின்றன. அவற்றின் மதிப்பு முழுவதும் அந்தத் திகதியில்தான் இருக்கிறது. மொரீசியசின் 1847ஆம் ஆண்டு முத்திரைகள் தனித்தனியாகவே பெரும் செல்வம் என்றாலும், ஒரு பென்னியும் இரண்டு பென்னியும் ஒருசேர ஒட்டப்பட்டுப் பிரான்சின் போர்தோ நகருக்குப் போன ஒரேயொரு உறையைத்தான் சேகரிப்பாளர்கள் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறார்கள்.

முத்திரையை நான் குறைத்துப் பேசவில்லை. 1952இல் வெளிவந்த இலங்கையின் 35 சத ஓர்க்கிட் பூ முத்திரையில், தமிழ் வாசகத்தின் இரண்டாம் வரியில் மூன்றாம் எழுத்தின்மேல் புள்ளி இல்லை. 1954இல் புள்ளியிட்டு மறுபடி அச்சிட்டார்கள். ஊசிமுனையளவான அந்தப் புள்ளியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் முதன்முறை கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ வற்புறுத்தியிருக்க வேண்டும். ஆனால் புள்ளியிட்ட முத்திரை யாழ்ப்பாணத்துத் தபாற் கந்தோர்களில் எந்த மாதத்தில் விற்பனைக்கு வந்தது என்று கேட்டால், அன்று இங்கிருந்து போன உறைகளின் சீல்தான் பதில் சொல்ல முடியும்.

தொண்ணூறுகளின் கடிதங்களை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. யுத்தத்தால் யாழ்ப்பாணத்துத் தரைப்பாதை மூடியிருந்தபோது, கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து போனவர்களின் கையில் கடிதங்களைக் கொடுத்துவிட்டோம். அவர்கள் கொழும்பில் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டார்கள். உள்ளே 'யாழ்ப்பாணம்' என்று ஒரு திகதி இருக்கும், வெளியே கொழும்புச் சீல் வேறு திகதியில் இருக்கும். அந்த இரண்டு திகதிகளுக்கும் இடையில்தான் எங்கள் பாதை மூடிக்கிடந்த வரலாறு இருக்கிறது. உறையை எறிந்து கடிதத்தை மட்டும் வைத்திருந்தால் அது தெரியாது. முத்திரையை மட்டும் வைத்திருந்தால் எதுவுமே தெரியாது. ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் பாரிசிலும் இருக்கும் உறவுகளே, அவற்றில் பெரும்பகுதி இன்று உங்கள் அலுமாரிகளில்தான் கிடக்கிறது.

கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறோமே என்று சிலர் சொல்கிறார்கள். படம் எடுங்கள், நல்லதுதான். அதற்காக உறையை எறிந்துவிடாதீர்கள். செலோடேப் ஒட்டவேண்டாம், சில வருடங்களில் அது தாளை மஞ்சளாக்கிவிடும். கடிதத்தை அதன் உறைக்குள்ளேயே விட்டு, ஈரமும் கறையானும் எட்டாத இடத்தில் வையுங்கள். யார் யாருக்கு எழுதியது, அப்போது எங்கே இருந்தார்கள் என்பதை வேறொரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அதைச் சொல்லக்கூடிய அம்மம்மாவோ பெரியையாவோ வீட்டில் இருக்கும்போதே, இந்தக் கிழமையே கேட்டு எழுதுங்கள்.