‘மூன்று முடிச்சு’ ஸ்ரீதேவியின் முதல் படம் அன்று

நடிகை ஸ்ரீதேவி 1976-இல் கே. பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ படத்தில்தான் முதன்முதலாகக் கேமரா முன் நின்றார், அதுவரை நடிப்பே அறியாதவர் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

1963-இல் பிறந்த ஸ்ரீதேவி, சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்து 1969-இல் வெளியான ‘துணைவன்’ படத்திலேயே பால முருகனாக நடித்திருக்கிறார். அதே ஆண்டு எம்.ஜி.ஆரின் ‘நம் நாடு’, 1971-இல் சிவாஜியின் ‘பாபு’ ஆகியவற்றிலும் குழந்தை நட்சத்திரமாகத் தோன்றினார். மலையாளத்தில் ‘பூம்பாட்டா’வுக்காகக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருதையும் பெற்றார். 1975-இல் வந்த ‘ஜூலி’ என்ற இந்திப் படத்தில் நாயகி லட்சுமியின் தங்கையாக வருபவரும் அவரே.

தமிழில் அவருக்குக் கதாநாயகியாகப் பெயர் வாங்கித் தந்த படம் ‘மூன்று முடிச்சு’ என்பதால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கலாம். ஆனால், ரஜினிகாந்த் ஏற்ற பாத்திரத்தின் தந்தையை மணந்து, அவருக்கே சிற்றன்னையாக வந்து நிற்கும் அந்தக் கனமான வேடத்தைப் பதின்மூன்று வயதுச் சிறுமி அத்தனை நிதானத்துடன் தாங்கியதற்குப் பின்னால் பல ஆண்டுப் படப்பிடிப்பு அனுபவம் இருந்தது. அந்த உழைப்பை இல்லாததாக்குவது அவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

ஐயமிருப்போர் ‘துணைவன்’, ‘பாபு’ படங்களைப் பார்க்கலாம். கேரள மாநிலத் திரைப்பட விருதுப் பட்டியலிலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு பகிராதீர்கள். அனுப்பியவரிடமும் இந்த விவரத்தைத் தெரிவியுங்கள்.