ஹோல்பைனின் மரணம் யார் பக்கம்?

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால 'மரண நடனம்' படங்களை, அதாவது எலும்புக்கூடு வடிவில் மரணம் வந்து மனிதர்களை அழைத்துப்போகும் படங்களைப் பற்றி யார் எழுதினாலும், சாவுக்கு முன்னால் ஆண்டியும் அரசனும் சமம் என்று ஒரு வரி வந்துவிடும். ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைனின் மரச்செதுக்குப் படங்களைப் பொறுத்தவரை அது சோம்பேறித்தனமான பேச்சு என்பேன். சாவு எல்லாருக்கும் வருகிறது, சரி. எல்லாரிடமும் ஒரே மாதிரியா வருகிறது?

1520களின் நடுவில், சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் இருந்தபோது ஹோல்பைன் வரைந்தவை இவை. ஒவ்வொன்றும் சுமார் 65 × 50 மில்லிமீட்டர்தான், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதே ஊரில் டொமினிக்கன் துறவிகளின் கல்லறைச் சுவரில் பழைய மரண நடன ஓவியம் ஒன்று முன்பே இருந்தது. அதில் எல்லாரும் வரிசையாக மரணத்தோடு ஆடிக்கொண்டே போவார்கள். ஹோல்பைன் அந்த வரிசையைக் கலைத்து, அவரவர் வேலை செய்யும் இடத்துக்கே மரணத்தை அனுப்பிவிட்டார்.

நீதிபதி படத்தைப் பாருங்கள். பணக்காரன் பணப்பையில் கை வைக்கிறான், நீதிபதி கையை நீட்டுகிறார், ஏழை ஓரமாக நிற்கிறான். சரியாக அந்த நேரத்தில் பின்னாலிருந்து எலும்புக்கூடு அவருடைய கோலைப் பிடுங்குகிறது. பிரபு படம் இன்னும் வெளிப்படை. அங்கே மரணம் குடியானவன் உடையில் வந்து, பிரபுவின் குலச்சின்னம் பொறித்த கேடயத்தைக் கொண்டே அவரை அடிக்கப் பார்க்கிறது. தரையில் கதிரடிக்கும் கோல் கிடக்கிறது. ஜெர்மன் நிலங்களில் 1524-25இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்து நசுக்கப்பட்ட காலம் அது. இதைப் பார்த்த பிறகும் வெறும் நிலையாமைத் தத்துவம் என்று எப்படிச் சொல்வது?

உழவன் படத்தில் மட்டும் எலும்புக்கூடு கூடவே ஓடி, சாட்டையால் குதிரைகளை விரட்டுகிறது. ஏறக்குறைய கூட வேலை செய்பவன் மாதிரி. பின்னால் ஒரு தேவாலயம், மலைக்கு அப்பால் விரியும் சூரியக் கதிர். மொத்தத் தொகுப்பிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்படியானால் ஹோல்பைன் ஏழைகளின் பக்கம் என்று முடித்துவிடலாமா? முடியாது. ஓட்டைக் குடிசை ஒன்றில் தாய் அடுப்படியில் இருக்கும்போதே சின்னக் குழந்தையை மரணம் கையைப் பிடித்து இழுத்துப்போகும் படமும் இதில் இருக்கிறது. அதில் யாருக்கும் எந்த நியாயமும் இல்லை. நான் மேலே சொன்னதற்கெல்லாம் இந்த ஒரு படம் இடிக்கத்தான் செய்கிறது, இடிக்கட்டும்.

இன்னொரு ஆதங்கம். இந்தக் கோடுகளை மரத்தில் செதுக்கியவர் ஹான்ஸ் லுட்ஸல்பர்கர். மரச்செதுக்கில் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டும். இவ்வளவு சிறிய பரப்பில் முகபாவம் கெடாமல் அதைச் செய்ய என்ன கை வேண்டும்! 1526இல் வேலை முடியும் முன்பே அவர் இறந்துபோனார். 1538இல் பிரான்சின் லியோன் நகரில் டிரெக்செல் சகோதரர்கள் 41 படங்களோடு புத்தகமாக வெளியிட்டார்கள். படங்களைப் படைத்தவர் இறந்துவிட்டார் என்று அதன் முன்னுரை வருந்துகிறது. ஹோல்பைனோ அப்போது இங்கிலாந்தில் அரசவை ஓவியராக நன்றாகவே இருந்தார். புத்தகத்தில் அவர் பெயரே இல்லை. சீமாட்டி படத்தில், கட்டில் மேல் 'எச்.எல்.' என்று இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. அது லுட்ஸல்பர்கரின் முத்திரை.