டார்ஜிலிங் போறீங்களா? அந்த பாயிண்ட் டூரை மட்டும் வாங்காதீங்க

டார்ஜிலிங்ல ஹோட்டல்ல பேக்கை கீழ வைக்கிறதுக்குள்ள ஒருத்தர் லேமினேட் பண்ண அட்டையோட வந்து நின்னுடுவார். த்ரீ பாயிண்ட், ஃபைவ் பாயிண்ட், செவன் பாயிண்ட், எது வேணும்னு. த்ரீ பாயிண்ட்னா விடிகாலை டைகர் ஹில், திரும்பும்போது கூம் மடாலயம், பதாசியா லூப். மத்ததுல ஜூ, டென்சிங் ராக், டீ எஸ்டேட், ஜப்பான் கோயில்னு ஒவ்வொண்ணுக்கும் கொஞ்ச நேரம், இறங்கு, ஃபோட்டோ எடு, ஏறு, அவ்ளோதான். ஊட்டில தொட்டபெட்டா, போட் ஹவுஸ், ரோஸ் கார்டன்னு நாம ஓடுறோமே அதே கூத்துதான் அங்கயும். என் அபிப்ராயம், அந்த காசை மிச்சம் பண்ணுங்க, ஊருக்குள்ள நடங்க.

டைகர் ஹில்லை குறை சொல்லல. 2,590 மீட்டர் உயரம், வானம் தெளிவா இருந்தா கஞ்சன்ஜங்கா மேல முதல் வெளிச்சம் விழுறது நிஜமாவே அழகு, 8,586 மீட்டர் மலை, உலகத்துலயே மூணாவது பெருசு. ஆனா அதுக்கு மூணரை மணிக்கு எழுந்து, ஜீப் க்யூல நின்னு, பத்து வரிசைக்கு பின்னாடி நின்னு மத்தவங்க மொபைல் ஸ்க்ரீன்லதான் சூரியனை பாக்கணும். மேகம் மூடிட்டா அதுவும் இல்ல. அதே மலை ஊர் நடுவுல இருக்கிற சௌரஸ்தா சதுக்கத்துக்கு பின்னாடி அப்சர்வேட்டரி ஹில்லை சுத்திப் போற ரோட்ல இருந்தே தெரியும், டிக்கெட் கிடையாது, ஆறு மணிக்கு மேல மெதுவா எழுந்து போனா போதும். உள்ளூர் பெருசுங்க ஜபமாலையை உருட்டிக்கிட்டே வாக்கிங் போவாங்க. மேல மகாகால் கோயில், இந்து பூசாரியும் பௌத்த லாமாவும் ஒரே சன்னதியில பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்பாங்க, நீங்க ரெண்டு பேர்கிட்டயும் ஆசீர்வாதம் வாங்கிக்கலாம். குரங்குகிட்ட மட்டும் ஜாக்கிரதை.

இந்த கஞ்சன்ஜங்காவை 1955ல முதல்ல ஏறினவங்க ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும். சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம்ங்கறதால உச்சிக்கு சில அடி முன்னாடியே நின்னுட்டு இறங்கிட்டாங்க. நாம என்னன்னா மடாலயத்துக்குள்ள செருப்போட செல்ஃபி எடுக்கறோம்.

அப்புறம் ரயில். நம்ம ஊட்டி ரயிலுக்கு 2005ல கிடைச்ச யுனெஸ்கோ அந்தஸ்து இதுக்கு 1999லயே கிடைச்சிடுச்சு. 1881ல இருந்து ஓடுது, ரெண்டே அடி அகல தண்டவாளம், நியூ ஜல்பைகுரில இருந்து 88 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் லைன்ல ஏத்தத்துல நடுவுல பல்சக்கர தண்டவாளம் இருக்குல்ல, இங்க அது கிடையாது, அதனால ரயில் முன்னாடி போயி, பின்னாடி வந்து, மறுபடி முன்னாடின்னு இசட் போட்டு ஏறும், சில இடத்துல தன்னையே சுத்திக்கிட்டு மேல வரும். ஸ்டீம் இன்ஜின் முன்னாடி ஒரு ஆள் உக்காந்துக்கிட்டு சக்கரம் வழுக்காம இருக்க கையாலயே தண்டவாளத்துல மணலைத் தூவுவார் பாருங்க, அதை விட்டுட்டு எல்லாரும் இன்ஜின் பக்கத்துல போஸ் குடுத்துட்டு இருப்பாங்க. கூம் வரைக்கும் போயிட்டு வர்ற ஜாய் ரைடுக்கு ஆயிரத்துக்கு மேல ஆகும். என்னைக் கேட்டா குர்சியாங்ல இருந்து டார்ஜிலிங் வர்ற டீசல் வண்டி ஓடுற நாளா பாத்து அதுல ஏறுங்க. சோனாதா பஜார்ல கடை வாசலை ஒட்டியே போகும், ஜன்னல்ல இருந்து கையை நீட்டினா தொங்கவிட்ட ஸ்வெட்டரைத் தொடலாம் (நீட்டாதீங்க).

டீ பத்தி சொல்லலன்னா அந்த ஊர் மன்னிக்காது. இந்தியாவுல முதல்ல புவிசார் குறியீடு வாங்கினது டார்ஜிலிங் டீதான். மார்ச், ஏப்ரல்ல பறிக்கிற ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் வெளிர் தங்க கலர்ல இருக்கும், தளதளன்னு கொதிக்கிற தண்ணி ஊத்தாம, பால் விடாம, ரெண்டு மூணு நிமிஷம் ஊற வெச்சு குடிக்கணும். எங்க வீட்ல குடிச்சுப் பாத்துட்டு "இதுக்கா இவ்ளோ காசு, டிகாக்‌ஷனே இறங்கலையே"ன்னாங்க, டஸ்ட் டீயில வளர்ந்த நாக்கு, என்ன பண்றது. ஒரே ஒரு விஷயம், பஜார்ல மலிவா கிடைக்குதுன்னு அள்ளிடாதீங்க, டீ இலையைக் கையில பிடிச்ச பொண்ணோட முகம் போட்ட லோகோ பாக்கெட்ல இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல, தண்ணி. ரோட்டோரம் சாக்கடையை ஒட்டி கொத்துக் கொத்தா பைப்பு போகும், வீட்டுக்கு ஒண்ணுன்னு. பிரிட்டிஷ்காரன் காலத்துல கொஞ்ச பேருக்கு செஞ்சல் ஏரியில இருந்து போட்ட ஏற்பாடு, இப்ப இத்தனை ஜனம், இத்தனை ஹோட்டல். சீசன்ல டேங்கர் தண்ணிதான். நாம ஹாயா கீசரைப் போட்டுட்டு அரை மணி நேரம் ஷவர்ல நிக்கிறப்ப பக்கத்து வீட்டு அக்கா ஜெர்ரிகேனைத் தூக்கிட்டு படி ஏறிட்டு இருப்பாங்க, அதான் எனக்கு உறுத்தல்.

பாயிண்ட் லிஸ்ட்ல நான் விடக்கூடாதுன்னு சொல்றது மலையேற்றப் பயிற்சி நிலையம் ஒண்ணுதான். டென்சிங் நார்கே எவரெஸ்ட் ஏறின அடுத்த வருஷமே, 1954ல ஆரம்பிச்சது, அவரேதான் அங்க பயிற்சி குடுத்தார், அவரை எரியூட்டின இடமும் அங்கதான். ஜூ அதே வளாகம், செம்பாண்டா, பனிச்சிறுத்தை ரெண்டும் இருக்கு. டிரைவர் ஒரு மணி நேரம்னு சொல்வார், கேக்காதீங்க, நடந்தே போயி அரை நாள் இருங்க. வியாழக்கிழமை மட்டும் லீவு, அன்னிக்கு ஷேர் ஜீப் பிடிச்சு காலிம்போங்கோ மிரிக்கோ போயிட்டு வந்துடுங்க.