எண்ணாமல் கணக்குப் போடுகிற கொடுமை

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் ஸ்கோரை நாலு தசமதானம் வரைக்கும் பார்த்துப் பார்த்துக் கம்பஸுக்கு வந்த பிள்ளைகளிடம், அந்த எண் எப்படி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். புள்ளியிலிருந்து இடையைக் கழித்து நியம விலகலால் பிரிப்பது என்று வகுப்பில் நாலு பேர் சொல்லிவிட்டால், ஆடி மாதக் கச்சான் காற்றிலும் திருகோணமலையில் மழை கொட்டும். பிள்ளைகளை மட்டும் ஏசிப் பயனில்லை. நிகழ்தகவை இரண்டு கிழமையில் அள்ளி எறிந்துவிட்டு, மூன்றாம் கிழமையே புள்ளிவிபரப் பொறிமுறை (ஏராளமான துணிக்கைகளின் நடத்தையை நிகழ்தகவால் கணிக்கிற பௌதிகம்) என்று தொடங்கி, வழிகளின் எண்ணிக்கையை அளக்கும் என்ட்ரோபி, நிலைகளைக் கூட்டித் தரும் பார்ட்டிஷன் ஃபங்ஷன் என்று பலகையை நிரப்புகிறோமே, எங்களைச் சொல்ல வேண்டும்!

நாலு நாணயத்தைச் சுண்டினால் இரண்டு தலை விழ என்ன நிகழ்தகவு? யோசிக்காமல் வரும் விடை: ஐந்தில் ஒன்று. தலை 0, 1, 2, 3, 4 என்று ஐந்து முடிவுதானே என்பது நியாயம். அந்த ஐந்துக்கும் சம வாய்ப்பு என்று யார் சொன்னது? விழக்கூடிய வழிகள் 16. தலைகளின் எண்ணிக்கைப்படி பிரித்தால் 1, 4, 6, 4, 1. ஆகவே 16இல் 6. பிறகு நுண்ணிலை (ஒவ்வொரு நாணயமும் எப்படி விழுந்தது), பெருநிலை (மொத்தம் எத்தனை தலை) என்று படிப்பதெல்லாம் இந்த 16க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம்தான். அது பிடிபடாதவனுக்கு மீதி எல்லாம் வெறும் எழுத்து.

அடுத்த கூத்து கச்சான். காற்றில்லை, நிலக்கடலைக் கொட்டை. செய்து காட்டுகிறேன் பேர்வழி என்று கோணேசர் கோயிலடியில் ஒரு சரை வாங்கி வந்து, மூன்று சிரட்டைக்குள் மூன்று கொட்டையை எறியச் சொல்வார்கள். சிரட்டை அணுவாம், கொட்டை சக்திச் சொட்டாம், அதாவது அணுக்கள் பங்குபோடுகிற சம அளவான சக்தித் துண்டு. யோசனை நல்லது, வருகிற பரம்பல் பிழை! எறிகிற ஒவ்வொரு கொட்டையும் தனி ஆள் என்பதால் மொத்த வழி 27. முதற் சிரட்டை வெறுமையாக இருப்பது 8 வழியில், ஒன்று இருப்பது 12இல், இரண்டு 6இல், மூன்று 1இல். அணுவுக்கு ஒரு சொட்டு கிடைப்பதுதான் கூடுதலாக நடக்கும் என்று பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டு போகும். சக்திச் சொட்டுக்கு அடையாளம் கிடையாது. எந்தச் சொட்டு எந்த அணுவில் என்று கேட்கவே முடியாது, எத்தனை சொட்டு என்பது மட்டுந்தான் கேள்வி. அப்படி எண்ணினால் வழி 10தான்: மூன்றும் ஒரே அணுவில் 3, இரண்டு-ஒன்று-பூச்சியம் 6, ஆளுக்கொன்று 1. இப்போது முதல் அணுவைப் பாருங்கள். பூச்சியம் 4 வழி, ஒன்று 3, இரண்டு 2, மூன்று 1. இறங்கிக்கொண்டே போகிறதா? சக்தி கூடக் கூட வாய்ப்புக் குறைகிற போல்ட்ஸ்மன் பரம்பல் தவழ்கிற வயதில் இப்படித்தான் இருக்கும்.

செய்து காட்டத்தான் வேண்டுமென்றால் பத்துச் சீட்டில் பத்து நிலையையும் எழுதிக் குலுக்குங்கள். ஒன்றை எடுத்துக் குறித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். 100 தரம் எடுத்தால் சரிவு கண்ணுக்குத் தெரியும். எடுத்ததைத் திரும்பப் போடாமல் பத்தாம் தரத்தோடு வெறும் பெட்டியைப் பார்த்து முழிக்கிறவர்களும் உண்டு. கச்சானைச் சாப்பிட்டுவிடலாம்.

பெரிய எண்ணின் தொடர்பெருக்கத்துக்கு மடக்கையைச் சுருக்கமாகக் கணிக்கிற ஸ்டேர்லிங் அண்ணளவாக்கத்துக்கு வாருங்கள். 10இன் தொடர்பெருக்கத்துக்கு (1×2×…×10) இயற்கை மடக்கை 15.10. சுருக்கச் சூத்திரம் (n ln n − n) தருவது 13.03, கிட்டத்தட்ட 14 வீதம் குறைவு. 100க்கு 363.74, சூத்திரம் 360.52, வித்தியாசம் ஒரு வீதமும் இல்லை. பத்துத் துணிக்கைக் கணக்குக்கும் அதையே போட்டுவிட்டு 'விடை ஒத்துவரேல்ல' என்றால் எப்படி வரும்? வியன்னாவில் போல்ட்ஸ்மனின் கல்லறையில் என்ட்ரோபிச் சூத்திரத்தில் (S = k log W, W என்பது வழிகளின் எண்ணிக்கை) 'லொக்' என்று பொறித்திருப்பதும் இயற்கை மடக்கைதான். கல்குலேட்டரில் லொக் பொத்தானை அமுக்கினால் அடி 10 ஆகி, விடை 2.303 மடங்கு சுருங்கிவிடும். அலகு சரியாக இருப்பதால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு சோதனைக்கு முதல் நாள் ஒரே கேள்வி: "சேர், இந்த டெரிவேஷன் வருமா?"

வரும் தம்பி. நாலு நாணயமும் வரும்.